பொட்டு வைத்த கையுறை

1. போன்

"மேடம், உங்க கிளவுஸ்ல பொட்டு வச்சிருக்கு."

போனில் பேசியவர் ஸ்டெல்லா சிஸ்டர். பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தலைமை நர்ஸ். நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் மருத்துவக் கையுறை செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிவு என்றால் நானும் ஒரு மேஜையும்தான். கையுறை பற்றி எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். கிழிகிறது, நாறுகிறது, கையில் ஏறவில்லை, ஏறினால் இறங்கவில்லை. பொட்டு வைத்திருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"எந்த இடத்துல சிஸ்டர்?"

"ஆள்காட்டி விரல் நுனியில. சந்தனம், நடுவுல குங்குமம். எல்லா கிளவுஸ்லயும்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு எந்த விரலாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

2. அந்த ஒரு விரல்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ வரும் நர்ஸ்களில் பலர், கையுறையைப் போட்டதும் ஆள்காட்டி விரல் நுனியைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். நரம்பைத் தடவித் தேட வேண்டுமே, அதற்காக. நாங்கள் ஐந்து விரலுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புகிற பாதுகாப்பு நான்கு விரலுக்குத்தான் போய்ச் சேரும். ரத்தம் படக்கூடிய முதல் விரல் எதுவோ, அது அம்மணமாக நிற்கும்.

ஸ்டெல்லா சிஸ்டரின் வார்டில் பர்வீன் என்று ஒரு நர்ஸ். பூந்தமல்லிக்காரப் பெண், சின்ன வயசு, வேலையில் சூட்டிகை. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது விரல் நுனியில் கத்தி பட்டிருக்கிறது. மறுநாள் வழக்கம்போல நுனியைப் பிய்த்துவிட்டு ஒருவருக்கு ரத்தம் எடுத்தாள். ரத்தம் அந்தக் காயத்தில் பட்டது. அந்த நோயாளிக்குக் கல்லீரலைப் பாதிக்கும் தொற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் அவள் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"என் புள்ளைங்க கிழிக்காத கிளவுஸ் ஒண்ணு செஞ்சு குடுங்க மேடம். இன்னொரு பர்வீன என்னால பாக்க முடியாது," என்று அப்போதே கேட்டிருந்தார் சிஸ்டர்.

ஏன் கிழிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு நர்ஸாகக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "தடிமனா இருக்கு மேடம்." எனக்கு ஒரே சந்தோஷம். தடிமன் என்றால் அது என் துறை. நுனியை மெலிதாக்கினால் நரம்பு சட்டென்று தெரியும், பிய்க்கிற வேலையும் மிச்சம், விரலும் பத்திரம்.

எங்கள் எம்.டி.க்கு மட்டும் பிடிக்கவில்லை. பாடியில் சின்ன பட்டறை வைத்து மேலே வந்தவர் அவர். "ஒரு வெரலுக்குத் தனியா டிசைனா? நாளைக்கு சுண்டு வெரல் கோச்சிக்காதா மேடம்?" என்றார். பிறகு, "சரி, செய்ங்க. டிரையல் ஊத்திக்கிச்சின்னா டிசைன மூடிட்டு பாத்திரம் கழுவற கிளவுஸ் செஞ்சிக்கலாம்" என்று ஆசீர்வதித்தார்.

முதல் டிரையல் ஊற்றிக்கொண்டது. மெலிதாக்கித்தான் அனுப்பினேன். அதையும் பிய்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் தடிமன்தான் மேடம்." இன்னும் மெலிதாக்க வழி தேடிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது டிரையலுக்கு நாள் வந்துவிட்டது. முதல் டிரையலின் அளவிலேயே ஒரு பேட்ச் போட்டு அனுப்பினோம். அதில்தான் இந்தப் பொட்டு.

3. கைக்கு ஏது நெற்றி?

கையுறை செய்ய அச்சு வேண்டும். வெள்ளைப் பீங்கானில் செய்த கைகள், நாங்கள் ஃபார்மர் என்போம். சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். முதலில் ஆசிட் தொட்டியில் முங்கிச் சுத்தமாகும், பிறகு ரப்பர் பிடிப்பதற்கான ஒரு கெமிக்கலில், அடுத்து ரப்பர் பாலில். அடுப்பில் காய்ந்து வெளியே வந்ததும் கையுறையைக் கழற்றிக்கொள்ள வேண்டியதுதான். இந்த லைனுக்கு சூப்பர்வைசர் ஏழுமலை. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவார். லைனைத் தன் சொந்தப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்வார். கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏழுமலை, ஃபார்மருக்குப் பொட்டு வச்சீங்களா?"

"ஆயுத பூஜைக்கு வைக்காம பின்ன எப்ப மேடம் வைக்கறது? டேங்குக்கு வச்சேன், மோட்டாருக்கு வச்சேன், ஃபயர் சிலிண்டருக்குக் கூட வச்சேன். வேல செய்யறதே இந்தக் கைங்கதான். அதுங்கள மட்டும் உட்டுட முடியுமா?"

"அதுக்கு ஆள்காட்டி விரல்தான் கிடைச்சுதா?"

"கைக்கு ஏது மேடம் நெத்தி? அதுதான் முன்னாடி வந்து நிக்குது."

நான் பொறுமையாக இருக்க முயன்றேன். "வச்சது போகட்டும். டிப்பிங்குக்கு முன்னாடி ஆசிட்ல முங்கணுமே. அதுல போயிருக்கணுமே?"

ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பூஜ போட்ட கைய ஆசிட்ல முக்கச் சொல்றீங்களா மேடம்? அதான் மொத ரவுண்டுக்கு மட்டும் ஆசிட்ட பைபாஸ் பண்ணிகினேன்."

கழற்றும்போது கையுறை உள்ளே வெளியே திரும்பும். அச்சில் வைத்த பொட்டு அப்படியே கையுறையின் வெளிப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, சோதித்துப் பார்க்கும் கியூ.சி. பெண்களாவது பிடித்திருக்கக் கூடாதா? கேட்டேன். "பாத்தோம் மேடம். மங்களகரமா இருந்திச்சு. பாஸ் பண்ணிட்டோம்" என்றார்கள். எம்.டி.யோ, பூஜை முடிந்து முதல் சுற்றில் வரும் சரக்கு நல்ல இடத்துக்குப் போக வேண்டும் என்று தானே கைப்பட பெட்டியில் வைத்து டிரையலுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஆக, தவறு நடக்காமல் இருக்க எங்கெங்கே ஆள் போட்டிருந்தோமோ அங்கெல்லாம் பக்தி வந்து நின்றிருக்கிறது. திட்டுவதற்குக்கூட ஒருவரும் மிஞ்சவில்லை.

4. தர மாட்டேன்

அச்சில் ஒட்டிய சந்தனத்தின் மேல் ரப்பர் ஏறினால் ஓட்டை விழும். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினேன்.

"அந்தப் பெட்டிய எல்லாம் குடுத்துடுங்க சிஸ்டர். யாரும் போட வேண்டாம்."

ஸ்டெல்லா சிஸ்டர் பெட்டிகளின் முன்னால் போய் நின்றுகொண்டார். "தர மாட்டேன்."

"என்ன சிஸ்டர், புரியாம பேசறீங்க?"

"மேடம், காலையிலேர்ந்து ஒருத்தி கிழிக்கல. பர்வீன் கிழிக்கல. எமர்ஜென்சில கீற புள்ளைங்க கூட கிழிக்கல. நரம்பும் கிடைக்குது. நான் இத்தன வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்ல. எப்படி மேடம் தருவேன்?"

நான் நான்கைந்து கையுறைகளை எடுத்து வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடித்தேன். இரண்டில் பொட்டின் நடுவிலிருந்து குங்குமத் தண்ணீர் சொட்டியது. சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸ் வந்ததும் கேஜ் வைத்துத் தடிமன் அளந்தேன். பொட்டு இருந்த இடம் மட்டும் நான் அதுவரை செய்த எதையும்விட மெலிதாக இருந்தது. சந்தனம் இருந்த இடத்தில் கெமிக்கல் பிடிக்கவில்லை, அதனால் ரப்பரும் குறைவாக ஏறியிருக்கிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த அளவு மெலிதானால் கிழிக்க மாட்டார்கள்! எம்.டி. அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அவ்ளோதானா? அப்ப டெய்லி பூஜ போட்டுக்கலாம்" என்றார் எம்.டி.

"சார், ஓட்டை விழுது."

"கம்மியா வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் ஏழுமலை என் மேஜைக்கு வந்து, சந்தனத்தைத் தண்ணீரில் குழைப்பதா பன்னீரில் குழைப்பதா என்று கேட்டார். பொட்டை எந்த விரலால் வைக்க வேண்டும் என்பது வரை எம்.டி. எழுதி லைனில் ஒட்டச் சொல்லியிருந்தார். நான் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

5. அழகான கையுறை

சந்தனம் இல்லாமல் அதே மெலிவைக் கொண்டுவர எனக்குப் பல மாதம் பிடித்தது. கெமிக்கலை மாற்றினேன், அச்சு திரும்பும் வேகத்தை மாற்றினேன், அடுப்பின் சூட்டை மாற்றினேன். கடைசியில் வந்தது. நுனி வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. என் வேலைக் காலத்தில் நான் செய்த மிக அழகான பொருள் அதுதான். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

மருத்துவமனையில் எல்லா நர்ஸ்களும் கூடியிருந்தார்கள். பர்வீனும் இருந்தாள். சோதனை இன்னும் முடியவில்லை, கல்யாணப் பேச்சு நின்றிருந்தது. அவளைத்தான் முதலில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டாள். விரல்களை மடக்கி நீட்டினாள். அடுத்த நொடி இடது கையால் ஆள்காட்டி விரல் நுனியைப் பிடித்து, பட்டென்று பிய்த்துக் கீழே போட்டாள்.

அவள் மட்டுமல்ல. கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவளும், அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும்.

நான் கத்தியே விட்டேன். "ஏம்மா, நரம்பத் தொட்டுக்கூடப் பாக்கலையே! அதுக்குள்ள ஏன் பிய்ச்சே?"

பர்வீன் தன் கையையே திகைத்துப் பார்த்தாள். "தெரியல மேடம். கை தானா போயிடுச்சு."

"உனக்கு இவ்வளவு நடந்தப்புறமுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எவ்வளவு மெலிதாக்கினாலும் இந்தக் கை கேட்கப்போவதில்லை. எம்.டி. சொன்னபடி பாத்திரம் கழுவற கையுறைதான் இனி என்று தோன்றியது. ஆற்றாமையில் கேட்டேன்: "அப்ப அன்னிக்கு அந்தப் பொட்டு வச்ச கிளவுஸ மட்டும் ஏம்மா பிய்க்கல?"

பர்வீன் இதுகூடவா தெரியாது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அது பொட்டு வச்சது மேடம். எங்க ஊட்ல பொட்டு வைக்க மாட்டோம். அதுக்காக ஒருத்தங்க வச்சத பிய்ச்சிட முடியுமா?"

மற்ற நர்ஸ்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவ நான். எனக்கே கை வரல மேடம்."

பல மாதம் மைக்ரான் மைக்ரானாக அளந்தவள் நான். அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

6. கடைசியில்

மெலிந்த நுனியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ரப்பரிலேயே ஒரு பொட்டு வரும்படி செய்தோம். மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. சந்தனம் இல்லை, ஓட்டை இல்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று எம்.டி. இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தரம் பார்க்க வந்த ஆடிட்டர் ஒருவர் அந்தப் பொட்டைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டார். கிழிக்காமல் தடுக்க என்றேன். அது எப்படித் தடுக்கும் என்று விடாமல் கேட்டார். பக்கத்தில் நின்ற ஏழுமலை, "நீங்களே போட்டுகினு பிய்ச்சிப் பாருங்க சார்" என்றார். ஆடிட்டர் போட்டார், நுனியைப் பிடித்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பத்திரமாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இளைய டிசைனர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏன் கிழிக்கிறீர்கள் என்று ஊரெல்லாம் கேட்டேன், எல்லோரும் மரியாதையாக ஒரு பதில் சொன்னார்கள். ஒரு நாள் கிழிக்காமல் இருந்தார்களே, அது ஏன் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் பல மாதம் மிச்சமாகியிருக்கும். கையுறை செய்கிறவர்கள், அதைப் போடுகிறவர்களின் வாயைக் கேட்டால் போதாது, கையைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்க்க அந்த மருத்துவமனைக்கே போனேன். ரத்தம் எடுக்க வந்தது பர்வீன். சோதனையெல்லாம் முடிந்து ஒன்றுமில்லை என்று வந்து, கல்யாணமும் ஆகி, கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கையுறையைப் போட்டாள். நான் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பழக்கப்படி ஆள்காட்டி விரல் நுனிக்குப் போயிற்று. பொட்டைத் தொட்டது. நின்றது. ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் போய்ப் பஞ்சை எடுத்தது.

முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது குத்தும் தப்பியது.

"சாரி மேடம், வலிக்குதா?"

"நீ குத்தும்மா," என்றேன்.