நாத்தனார் எதிர்ப்பக்கம் நடந்த நாள்

ராஜா சுட்ட புலியின் தலையைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக் கண்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆகாது. அதைப் பார்த்து மிரண்டுதான் என் ஐந்து வயது மகள் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினாள். எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து மலைப்பக்கம் சுற்றுலா போயிருந்தோம். ஏதோ ஒரு ராஜா கோடைக்கு வந்து தங்கிய அரண்மனை. பிறகு அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். அவருக்கென்ன, வெயில் என்றால் மலையேறிவிடலாம்; நாங்கள் பாறைச் சூட்டிலேயே வெந்து பழகியவர்கள். என்னோடு வந்தவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. புருஷனை இழந்து எங்களோடு இருந்தார். என் மகளைப் பாதிக்குமேல் வளர்த்தவர் அவர்தான்.

வாசலுக்கு வந்தால் ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம் படிக்கட்டு வரை ஏறி நின்றது. காவலாளி ஓடி வந்து சொன்னார். "பின்பக்கம் போயிடப் போகுதும்மா. மழையில தடுப்புச் செவுரு சரிஞ்சி கெடக்கு. கீழ பள்ளம்."

இருவரும் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே, பனியில் சுவரைத் தடவித் தடவிக் கட்டடத்தைச் சுற்றிப் போனோம். காற்று குரலைப் பள்ளத்தின் பக்கம் அடித்துக்கொண்டு போனது. சரிந்த சுவரருகே எட்டிப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. சுற்றி வாசலுக்கே வந்தோம். பிள்ளை இல்லை. மறுபடி சுற்றினோம். அப்போதும் இல்லை.

நாத்தனார் சட்டென்று நின்றுவிட்டார். "ஏம்மா, தீபக் கூட்டத்துல தவறிட்டா நிக்காத, மலைய வலக்கைப் பக்கம் வச்சிக்கினு நடந்துக்கினே இருன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். புள்ள இதையும் வலம்தான் வருது. நாமளும் அது பின்னாடியே சுத்திக்கினு இருக்கோம்."

எதிர்ப்பக்கம் போக வேண்டியதுதானே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். துளசி மாடத்தைக்கூட இடமாகச் சுற்றாதவர் அவர். சாவு வீட்டில்தான் அப்படிச் சுற்றுவது. கடைசியாக அவர் அப்படி நடந்தது தன் புருஷனின் உடலைச் சுற்றி. வாசலில் நின்றாலே பிள்ளை வந்துவிடும்தான், ஆனால் அதற்குள் இன்னொரு முறை அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டுமே.

"நீ பெத்தவ, நீ வேணாம். இங்கயே நில்லு" என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்ப்பக்கமாகப் பனிக்குள் போனார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாத தெய்வமில்லை. பிறகு மூலையிலிருந்து மகளின் அழுகை கேட்டது. அத்தையின் புடவையைப் பற்றிக்கொண்டு வந்தாள். சரிந்த சுவருக்குப் பக்கத்தில்தான் எதிரே வந்து மோதினாளாம். அதைக் கேட்டதும் அவளை வாரி எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது நாத்தனார் வேனில் கடைசி சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். பிள்ளை கையை நீட்டியும் வாங்கவில்லை.

"என்ன அண்ணி?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. சாவுச் சுத்து சுத்திட்டேன் புள்ளைக்கு. நான் தொட்டு ஏதாச்சும் ஆயிட்டா தாங்க மாட்டேன்."

எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். நானும் அதே ஊரில் வளர்ந்தவள். வளைவுகளில் வேன் சாயும்போதெல்லாம் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் எழுந்து பின்னால் போய், அவளை நாத்தனாரின் மடியில் உட்காரவைத்தேன்.