கதவில் ஒட்டிய மாவு போர்டு

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தபோது, அம்மா கேட்டில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று ஓர் அட்டையைக் கட்டியிருப்பார். சுரங்கத்தின் ஷிப்ட் சங்கு ஊதியதும் எங்கள் பிளாக் பெண்கள் தூக்குவாளியோடு வந்துவிடுவார்கள். வியாபாரம் பாதி, ஊர்க்கதை பாதி.

கல்யாணமாகி மஸ்கட் போனதும், அதே நினைப்பில் கிரைண்டர் வாங்கி மாவு அரைத்தேன். ஃபிளாட் கதவிலும் ஓர் அட்டையை ஒட்டினேன். கீழ் வீட்டு வடலூர்க்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"இன்னாடி இது! இங்க லைசென்ஸ் இல்லாம வூட்ல யாவாரம் பண்ணா ஊருக்கே அனுப்பிடுவாங்க. மொதல்ல கிழி!"

கிழித்தேன். அன்று மதியமே கட்டடத்தைச் சோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். கதவிலிருந்த டேப் தடத்தைப் பார்த்தபடி அவர்கள் கடந்து போகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அரைத்த மாவெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு இலவசத் தோசையானது.

பிறகு முறையாக லைசென்ஸ் எடுத்துக் கடை போட்டேன். இப்போது புதிதாக வடை போட நினைத்தால்கூட, அதற்கு அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே எண்ணெய் வைக்கிறேன். மாவும் பாக்கெட்டில்தான்.

ஆனால் யாராவது தூக்குவாளியோடு வந்து நின்றால், பாக்கெட்டை நானே வெட்டி அதில் ஊற்றிக் கொடுக்கிறேன். அப்பா ரிட்டயரானதும் நாங்கள் காலி செய்த அந்த நெய்வேலி வீட்டின் கேட், ஒரு நிமிடம் எனக்காகத் திறக்கிறது.