சாமி தூக்குகிற தோளில் ஒரு பெட்டி

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தோம். அங்கேதான் அந்தப் பொறியாளரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அவருடைய வேனில் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. யாரிடம் பேசினாலும் அவர் கை மட்டும் அந்தப் பெட்டியை விட்டு விலகவில்லை.

“உள்ள இன்னா சார்?” என்றேன்.

“அணுத்துகளை வேகமா ஓட்டுற பழைய மிஷினுக்குப் புதுக் குழாய்ங்க. பீங்கான் வளையமா ஒட்டினது. மருந்து ஆராயறவங்க, இரும்பு ஆராயறவங்கன்னு எல்லாருக்கும் அந்த ஒரே மிஷின்தான். இது விரிசல் விட்டா அத்தனை பேர் வேலையும் நின்னுடும்.”

“மரத்த எடுக்க முடியாது சார். பெட்டிய தூக்கினு போயி அந்தாண்ட வுடறோம். அங்க மாட்டின காலி லாரி ஒண்ணு வந்த வழியே திரும்பிப் போவுது, அதுல ஏத்திக்கலாம்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “குலுங்குமேங்க!”

என் பங்காளி சிரித்தான். “பெருமாளையே குலுங்காம தூக்குற தோளு சார் இது. உங்க குழாய் அவர வுட ஜாஸ்தியா?”

உற்சவத்தில் வைப்பதுபோலவே ஒரே சீராக அடி வைத்தோம். மரம் வந்தபோதெல்லாம் பங்காளி முன்னால் நின்று குரல் கொடுத்தான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாமிக்குப் பின்னால் வருவதுபோல வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்.

லாரியில் ஏற்றியதும் பெட்டியைத் திறந்து தடவிப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலைங்க” என்று எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

அந்த மிஷினுக்குள் என்னதான் ஓடுகிறதோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் பெருமாளுக்குத் தோள் கொடுக்கும்போதெல்லாம், அது நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.