மூக்கு வைத்த லாரி

என் மகன் கனடாவில் என்ன வேலை பார்க்கிறான் என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு பொம்மைக் கடைக்காரர். பொம்மைக் கடை என்று நான் சொல்லக்கூடாது. என் மனைவி சொல்லும் வார்த்தை அது, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரிமோட்டில் ஓடும் கார், லாரி, விமானம் எல்லாம் விற்கும் கடை, காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் மாடியில் இருக்கிறது. அன்று அங்கே நின்றபோது தூக்கிவாரிப் போட்டதே, அந்தப் படபடப்பு எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்து ஆறேழு வருடம் ஆகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனாலேயே ஃபவுண்டரிக்காரர்கள் ஒருவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. நாளெல்லாம் அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நாமே எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்று கை அரிக்கும். முதலில் ஒரு சின்ன ஜீப் வாங்கினேன், அப்புறம் பாறையில் ஏறும் வண்டி ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சூலூர்ப் பக்கம் ஒரு காலி மனையில் என்னைப் போன்ற கிறுக்கர்கள் கூடுவோம். எல்லாம் நரைத்த தலைகள். மண்ணில் முட்டி போட்டுக்கொண்டு, சேற்றில் சிக்கிய வண்டியை விரலால் தள்ளாமல் ரிமோட்டிலேயே எடுக்க வேண்டும் என்று சண்டை போடுவோம்.

ரொம்ப நாளாக ஒரு லாரி மேல் கண். நிஜ லாரியில் பதினாலில் ஒரு பங்கு அளவு இருக்கும். வண்டியாக வராது, பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். அலுமினியச் சட்டம், பட்டை ஸ்பிரிங்குகள், மூன்று கியர் உள்ள கியர்பாக்ஸ், ரப்பர் டயர், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணி. நாம்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து பூட்ட வேண்டும். இதில் கூத்து என்னவென்றால், அவ்வளவு விலை கொடுத்தும் பெட்டிக்குள் மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது, பேட்டரி கிடையாது, பெயிண்ட்டும் கிடையாது. எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். இதை முதலில் கேட்டபோது என் மனைவி, "அப்ப வெறும் அட்டப் பொட்டிக்கா இத்தன காசு?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்.

இந்த லாரியை வாங்க இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. மகன் கனடா போய் ஐந்து வருடம். படிப்பு முடிந்து, சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை என்றான். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிற வேலையாம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஊர்ப் பக்கமே வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பேன், லீவு கிடைக்கவில்லை என்பான். அப்படி என்ன பொல்லாத ஆபீஸ் என்று நான் கத்தாத மாதம் இல்லை. அவன் வந்தால் இந்த லாரியை இரண்டு பேரும் சேர்ந்து பூட்ட வேண்டும் என்பது என் ஆசை. வா வா என்று வாயால் கூப்பிட்டு வராதவன், ஒரு லாரியைக் காட்டினால் வருவான் என்று நினைத்தேன். சின்ன வயதில் ரோட்டில் போகும் லாரிகளை வாய் பிளந்து பார்ப்பவன் அவன்.

லாரி எனக்கும் பிடிக்கும். லாரித் தொழில்தான் பிடிக்காது. என் அப்பா சங்ககிரியில் லாரி டிரைவர், வடக்கே போகிற வண்டி. வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், சட்டை காய்வதற்குள் கிளம்பிவிடுவார். அந்தப் பிழைப்பு அவரோடு போகட்டும் என்று படித்து, இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் லாரி ஓடினால் மேஜை மேல்தான் ஓட வேண்டும்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று ஐரோப்பாக்காரன் லாரி, மொட்டை மூஞ்சி, நம் ஊர் வண்டி மாதிரி. இன்னொன்று அமெரிக்காக்காரனுடையது, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு வைத்த லாரி. எனக்கு மொட்டை மூஞ்சியில் கொஞ்சம் மனசு, ஆனாலும் மூக்கு அழகாகத்தான் இருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. "ஏனுங்ணா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாப்ல பாக்கறீங்க," என்றார்.

சரி, மகனையே கேட்டுவிடுவோம் என்று இரண்டு பெட்டியையும் படம் எடுத்து அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டேன். அவனிடம் நான் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். அங்கே அப்போது காலை நேரம். உடனே குரல் பதிவு வந்துவிட்டது. மோட்டார் தேர்ந்தெடுக்க வேண்டுமே, கடைக்காரரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"அப்பா, அந்த மொட்ட மூஞ்சி வேண்டாங்கப்பா. மூக்கு வெச்சதையே எடுங்க. அதுலதான் பொறத்தால கேபின் பெருசா இருக்குது, கால நீட்டிப் படுக்கலாம். அப்பறம் படத்துல டிரெய்லருக்குப் போற ஏர் பைப்பு ரெண்டையும் கறுப்பாப் போட்டிருக்கான் பாருங்க, அது தப்புங்க. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம் இருக்கோணும். மாத்தி மாட்டிப்போட்டீங்கன்னா பிரேக்கு விடவே விடாது. குளிர் காலத்துல அதுகூட ஒரு பக்கம்ங்க. கையுறையக் கழட்டிப்போட்டு அந்த இரும்பத் தொட்டோம்னா தோல் அப்படியே ஒட்டிக்கும். எனக்குப் போன மாசம் ரெண்டு வெரல்ல…"

அதோடு பதிவு நின்றுவிட்டது.

நான் ஒன்றும் புரியாமல்தான் நின்றேன். பையன் எவ்வளவு விவரமாகச் சொல்கிறான் என்று பெருமைகூடப் பட்டேன், சத்தியமாக. கடைக்காரர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி அங்க லாரி ஓட்டறாப்லீங்களா? நல்ல வேலைங்ணா. நம்மாளுக நெறையப் பேரு அங்க அதுல இருக்கறாங்க," என்றார்.

இல்லை, ஆபீஸ் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

வாரம் தவறாமல் வீடியோவில் பேசுவான். அவனுக்குப் பின்னால் ஒரு குறுகிய கட்டில், அதை ஒட்டி ஒரு சாம்பல் நிறத் திரை. இவ்வளவு சின்ன அறையில் ஏன் கிடக்கிறாய், வாடகை கொஞ்சம் கூடப் போனாலும் ஜன்னல் உள்ள அறையாகப் பார் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். பாக்கறேனுங்கப்பா என்பான். அது அறை இல்லை. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஸ்டீரிங் இருந்திருக்கிறது. மயிரிழை விரிசலைப் பிடிக்கிற கண் என்று என்னை ஊரே சொல்கிறது. என் கண்ணுக்கு முன்னால் ஒரு முழு லாரியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் பேசியிருக்கிறான்.

அதற்கப்புறம் கடைக்காரர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. பேயறைந்தவன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். பணம் கொடுத்திருக்கிறேன். ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டியும் கொடுத்துவிட்டார். கவுண்டம்பாளையம் தாண்டி ஒரு சிக்னலில் நிற்கும்போது குனிந்து பார்த்தால் மொட்டை மூஞ்சி என்னைப் பார்க்கிறது. திரும்பிப் போய் மாற்றத் தோன்றவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பக்கத்தில் வந்த லாரிக்காரன் ஒவ்வொருவனையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். பெட்டியைக் கீழேகூட வைக்காமல் கேட்டேன். "ஏம்மிணி, உன்ற மகன் அங்க லாரி ஓட்டறானாமா, தெரியுமா உனக்கு?"

அவளும் பதறுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டலாம் என்று நினைத்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "தெரியும்ங்க," என்றாள்.

பெட்டியை மேடைமேல் வைத்தேன். எத்தனை நாளாக என்றதற்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே என்றாள். "படிச்ச படிப்புக்கு வேல கெடைக்கலீங்க. நாலு மாசம் அலஞ்சான். அப்பறம் லைசென்ஸ் எடுத்துட்டான். தெனமும் காலைல காப்பி வெக்கறப்பக் கூப்புடுவான், எங்க இருக்கறேன், எங்க போறேன்னு சொல்லுவான். இன்னிக்கு ஏதோ கடலாட்டப் பெரிய ஏரியாம், அது ஓரமாவே போறான். நாளைக்கு வின்னிபெக்ல எறக்கறான்."

வின்னிபெக். கோயமுத்தூர் டவுனுக்குத் தனியாகப் பஸ் ஏறத் தயங்குகிறவள் அந்தப் பெயரைக் கொஞ்சமும் தட்டாமல் சொன்னாள். எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. மகன் லாரி ஓட்டுகிறான் என்பதைவிட, தினமும் என் வீட்டு அடுப்படியில் இத்தனை நடந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது பொறுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து என்னைக் கேனயனாக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "கத்தி முடிச்சாச்சுங்களா? லீவு கெடைக்காமயா அவன் வராம இருக்கறான்? ரெண்டு தடவ டிக்கெட்டு போட்டு ரெண்டு தடவையும் கேன்சல் பண்ணிப்போட்டான். இங்க காலேஜுல படிக்கறப்ப லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் எடுக்கறேன்னு வந்து நின்னானே, அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவில்லை.

"ஸ்டீரிங்கத் தொட்டயின்னா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். நான் அப்படிப் பேசுகிறவன்தான். ஃபவுண்டரிக்காரர்களிடம் இதைவிடக் கடுமையாகப் பேசுவேன், மறுநாள் அவர்களோடேயே டீ குடிப்பேன். வாயில் வருகிற வார்த்தையை ஒருவன் மடியில் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போவான் என்று யார் கண்டார்கள். சாப்பிடவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

காலையில் காப்பி வைக்கும் நேரத்துக்கு நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். போன் வந்தது, வெறும் குரல்தான், படம் இல்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டு, "அப்பா பேசறாராமா," என்று மேடைமேல் வைத்தாள். அவனைக் கேட்பதற்கு ஒரு மூட்டை கேள்வி கட்டி வைத்திருந்தேன். ஏண்டா பொய் சொன்னாய் என்றுதான் ஆரம்பிப்பதாக இருந்தது.

"எந்த வெரலு?" என்றேன்.

"கட்ட வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும்ங்க. ஆறிப்போச்சுங்கப்பா," என்றான்.

"சோத்துக் கையா?"

"ஆமாங்க." அப்புறம் மெதுவாக, "அம்மா சொல்லிட்டாங்களா?" என்றான்.

"உங்கம்மா எங்க சொன்னா? அவ வாயத் தொறக்கறவளா? நீயேதான் சொன்ன. போயி உன்ற மெசேஜ நீயே கேளு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். சரக்கு இறக்கிவிட்டு ஒரு லாரிப்பேட்டையில் நிற்கிறானாம். அவன் ஓட்டுவதும் மூக்கு வைத்த வண்டிதானாம். தயங்கித் தயங்கி ஆரம்பித்தவன், எத்தனை கியர், பனியில் எப்படிப் பிரேக் பிடிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. என் மகன் இவ்வளவு பேசுவான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பயமாகவும் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

"சரி, எதுங்கப்பா வாங்குனீங்க?"

"மொட்ட மூஞ்சி."

"அதத்தானுங்கப்பா வேண்டாம்னேன்."

"நீ சொன்னதக் கேட்டு எனக்கு மூள நின்னுபோச்சு. அவரு எதக் கட்டிக் குடுத்தாரோ அதத் தூக்கிட்டு வந்துட்டேன். இன்னிக்குக் கொண்டுபோய் மூக்கு வெச்சதா மாத்திக்கறேன்."

"பொட்டியப் பிரிச்சுட்டீங்களா?"

"இல்ல. மாத்திட்டு வந்தாலும் நானாப் பிரிக்கறதா இல்ல. ரெண்டு பேரு உக்காந்து பூட்டற வண்டி அது."

எஞ்சின் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் போனைக் கையில் எடுத்தேன்.

"அப்ப… நம்ம ஊட்டுக்கு வரட்டுங்களாப்பா?"

நம்ம ஊடு என்றுதான் சொன்னான். நம்ம ஊட்டுக்கு வருவதற்கு என்னிடம் உத்தரவு கேட்டான். கடைக்காரர் சொன்னபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. வாடா என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரையே வாயால் விரட்டுகிறவனுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா வரச் சொல்றாரு கண்ணு. டிக்கெட்டப் போடு. இந்தத் தடவ கேன்சல் பண்ணாத," என்றாள்.

நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். போனில் அது அவனுக்குத் தெரியாது என்பது தெரிந்தும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.