குதிரை நாட்டு ஒயினும் ஞானப்பிரகாசம் அண்ணாச்சியும்

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அடுக்களையில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து வந்த பால்காரர்தான் சொன்னார், பட்லர் ஞானப்பிரகாசம் அண்ணாச்சி அங்கே தம் வீட்டில் விடியற்காலையில் இறந்துபோய்விட்டாராம். ஊதுகுழலைக் கீழே வைத்தேன். அடுத்த நொடியே, 'இதிலும் எனக்கு முந்திக்கொண்டாரே' என்று தோன்றியது. எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பல சீசன்கள் ஒரே துரை பங்களாவில் அவர் மேசையைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். எரிந்தது அடுப்பு மட்டுமல்ல.

கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடு அவர் போய் நின்றால் துரைசாணி முகம் மலரும். நான் போனால் மூக்கில் கைக்குட்டை ஏறும். என்மேல் வீசும் அந்த வெங்காயத்தைத்தானே துரைசாணியும் சாப்பிடுகிறார்!

ஒரு சீசனில் என் பிழைப்பே ஆட்டம் கண்டது. விருந்துக்கு வந்தவர்கள் என் மிளகுக்கறியைத் தின்றுவிட்டு, விலை கூடிய பிரெஞ்சு ஒயினைக் குடித்தார்கள். காரத்துக்கு மேல் அது துவர்த்துப் புளித்தது. பழி கறிமேல் விழுந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மதராஸிலிருந்து வேறு சமையல்காரன் வருவான் என்று துரை சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி தூத்துக்குடிக் கடைக்கு ஆள் அனுப்பி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மலிவான ஒயினில் நாலைந்து விதம் தருவித்து, நேரே என் அடுக்களையில் கொண்டுவந்து வைத்தார்.

"அங்கேருந்து பட்டாளத்துக்குக் குதிரைல்லா வருது, அண்ணாச்சி? லாயத்து வாடை அடிக்கப்போவுது" என்றேன்.

"வாயை மூடுலே. கறியை ஒரு கரண்டி வை."

கறியில் ஒரு வாய், ஒயினில் ஒரு மடக்கு, மறுபடியும் கறி. ஒவ்வொரு குப்பிக்கும் அப்படியே. நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "இது வெறும் தண்ணி. இது காரத்தோட சண்டைக்குப் போவுது" என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில், கருஞ்சிவப்பாய், லேசான இனிப்போடு இருந்த ஒன்றில் நின்றார்.

"இதைக் குடிச்சா மறுவாய்க் கறிக்குக் கை தானா போவுது பாரு. குடிக்கிறது திங்கச் சொல்லணும்லே, அதான் நல்ல சரக்கு. நாக்குக்கு வெலை தெரியாது."

அப்படி ஒரு நாக்கு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அன்று வயிறு எரிந்தது. ஒயின் காரணமில்லை.

அடுத்த விருந்தில் கறிச்சட்டி காலியாகத் திரும்பி வந்தது. என் வேலை தப்பியது. ஆனால் துரைமார் கூப்பிட்டுக் கைகொடுத்தது அண்ணாச்சிக்கு! கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் என் பக்கம் கையைக் காட்டத்தான் செய்தார். யாரும் திரும்பவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே இருந்துவிட்டதில் எனக்கு இன்னும் கொதித்தது.

"சட்டி காலியானது என் கறியால. பேரு உம்ம குப்பிக்கா?" என்று மல்லுக்கு நின்றேன்.

சிரித்தார். "உன் கறிக்குத்தாம்லே குப்பி தேடுனேன். குப்பிக்காக உன்னைக் கறியை மாத்தச் சொன்னேனா?"



அவரை அடக்கம் செய்த மறுவாரம் பங்களாவில் விருந்து. புதுப் பட்லர் அதே ஒயினை ஊற்றினார். துரை என்னை முன்னால் வரச்சொல்லி, எல்லோர் எதிரிலும் கறியைப் புகழ்ந்தார். எத்தனை வருஷம் ஏங்கிய நேரம்!

"எல்லாம் பழைய பட்லர் பொறுக்குன ஒயின், துரை" என்று சொல்லிவிட்டது என் வாய்.

கறியும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேனே, அந்தப் பெருந்தன்மை ஒன்றுதான் அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது. இன்னும் செரிக்கவில்லை.