சடங்கு வீட்டில் எரியாத விறகு

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். எல்லாருக்கும் தண்ணீர், மேலே சரிவில் இருந்த ஒரே ஊற்றிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு அரிவாளோடு அந்தச் சரிவுக்கே விறகுக்குப் போவோம். நானும்தான் போனேன். ஒரு கோடையில் ஊற்று நூலாக ஒழுகியது. "மேல இருந்த மரத்தையெல்லாம் வெட்டி எரிச்சுட்டு இப்பத் தண்ணிக்கு அழுதா எப்படி?" என்று குடத்தை வைத்துவிட்டுக் கத்தினேன்.

பெண்கள் கூடிப் பேசினோம். ஊற்றுக்கு மேலே யாரும் அரிவாள் வைக்கக் கூடாது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழும் குச்சி, மிலாறு என்போம், அதை வைத்தே சமைக்க வேண்டும். இரண்டு வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் வெந்நீர் போட வேண்டும். மிலாறு பொசுக்கென்று எரிந்து தீர்ந்துவிடும், அடுப்பை விட்டு நகர முடியாது என்று புலம்பினார்கள். நான் யாரையும் விடவில்லை. வீட்டுக்குள் புகுந்து அடுப்பை எட்டிப் பார்த்த நாளும் உண்டு. "போலீஸ்காரி" என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வருஷம் என் மகள் வயசுக்கு வந்தாள். சடங்குக்குக் கம்பத்திலிருந்து என் அண்ணன் தாய்மாமன் சீரோடு, சொந்தபந்தம் சூழ வருகிறார். அன்று காலை வீட்டுக்குப் பின்னால் போனால், ஒரு முழு மரம் துண்டுதுண்டாக அடுக்கியிருக்கிறது. ஊற்றுக்கு மேலே வெட்டி, பத்து நாள் பாறையில் காயப்போட்டு, யாருக்கும் தெரியாமல் சுமந்து வந்திருந்தார் என் வீட்டுக்காரர். "விசேஷத்துக்கு மிலாறு எரிச்சா உங்க அண்ணன் சிரிப்பாரு," என்றார்.

காய் நறுக்க வந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "இருக்கட்டும் மதினி, நல்ல காரியந்தானே, இந்த ஒரு தடவ," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் அவள் வீட்டிலும் நல்ல காரியம் வரும். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிடும்.

"இதுல ஒரு துண்டுகூட அடுப்புக்குள்ள போகக் கூடாது," என்றேன். வடை, பாயசம், கூட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். இருந்த மிலாறில் வெந்தது சோறும் சாம்பாரும்தான்.

அண்ணன் இலையைப் பார்த்தார். "பின்னால விறகைக் குவிச்சு வச்சுக்கிட்டு, தாய்மாமனுக்கு ஒரு பாயசம் இல்லையா?" காரணத்தைச் சொன்னேன்.

"மரம் பெருசா, அண்ணன் பெருசா?"

"தண்ணி பெருசுண்ணே."

சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த மகள் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அடுப்பை விட்டு நகரவில்லை, சொன்ன சொல்லையும் மாற்றவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் அத்தனை விறகையும் சுமந்துபோய் ஊற்றுக்குப் பக்கத்தில் போட்டார். தண்ணீருக்குப் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒரு சுள்ளியைக்கூட யாரும் எடுக்கவில்லை. மழையில் கிடந்து, காளான் பூத்து மக்கிப்போயிற்று. அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அந்தச் சரிவில் அரிவாள் விழவில்லை.

அண்ணன் இரண்டு வருஷம் என் வாசலை மிதிக்கவில்லை. மூன்றாம் வருஷம், நல்ல கோடையில், மேடேறி மூச்சு வாங்க வந்து நின்றார். முதலில் தண்ணீர்தான் கேட்டார். ஊற்றுத் தண்ணீரைச் சொம்பு நிறையக் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.