பொன்னம்மாளின் கைநாட்டு

பொன்னம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆத்தூரிலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு டெல்லி வந்து, ஆர்.கே.புரத்தை ஒட்டிய குடிசைகளில் தங்கி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அறுபது குடிசைக்கும் தண்ணீர் ஏது!

அது 1979 கோடை. தண்ணீர் லாரி தினம் இரண்டு நடை வர வேண்டும். வந்ததோ ஒரு நடை, அதுவும் நினைத்த நேரத்தில், பாதித் தொட்டியோடு. காத்திருந்து பிடித்தால் வேலைக்கு நேரமாகிவிடும். வேலைக்குப் போனால் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆள் பாத்துப்பேன், ஆமாம்!" என்று முதல் வீட்டு ராஜம் சொல்லியேவிட்டாள்.

அன்று மத்தியானமே வேலை முடிந்த கையோடு, காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு அறுபது பெண்கள் தண்ணீர் ஆபீசுக்குள் புகுந்தார்கள். அதிகாரி எரிச்சலோடு லாரிச் சீட்டுகளை மேஜையில் போட்டார். தண்ணீர் வந்ததற்கு அத்தாட்சியாகக் குடிசைவாசி ஒருவர் கைநாட்டு வைக்க வேண்டிய சீட்டுகள் அவை.

"ரோஜ் தோ சக்கர்! தினம் ரெண்டு நடை வந்ததா உங்க ஆளுதானே நாட்டு வெச்சிருக்கான்?"

எல்லாச் சீட்டிலும் ஒரே விரல், நடுவில் வெட்டுத் தழும்போடு. பொன்னம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. "எங்க ஆம்பளைங்க விடியறதுக்கு முன்ன கட்டட வேலைக்குப் போயிடறாங்க சாப்! லாரி வர்றப்ப இருக்கறது நாங்கதான்" என்று அரைகுறை இந்தியில் வெடித்துவிட்டுத் திரும்பினாள். "எல்லாரும் கட்டவெரலக் காட்டுங்கடி!"

அறுபது கட்டைவிரல்கள் மேஜைக்கு மேல் நீண்டன. தேய்ந்தது, வெடித்தது, சாம்பல் ஏறியது எல்லாம் இருந்தன. தழும்பு மட்டும் எதிலும் இல்லை. ஆபீசே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "நாளையிலிருந்து காலையும் மாலையும் ஆறு மணிக்கு லாரி. கைநாட்டு நீ வை."

மறுநாள் ஆறு அடிக்கும்போதே லாரி வந்துவிட்டது! ஒரே கூச்சல், ஒரே கும்மாளம். பாதிக் குடங்கள் நிரம்பியதும் டிரைவர் குழாயை மூடிவிட்டு மைப்பெட்டியை நீட்டினான். "ஜல்தி, ஜல்தி!"

பொன்னம்மாள் விரலை மடக்கிக்கொண்டாள். "கடேசிக் கொடம் ரொம்பட்டும் பையா, வெக்கிறேன்."

அவன் முறைத்தான், ஹாரன் அடித்தான். பெண்கள் லாரிக்கு முன்னால் போய் நின்றார்கள். வேறு வழியில்லாமல் குழாயைத் திறந்தான். அறுபதாவது குடம் வழிந்த பிறகுதான் சீட்டில் மை விழுந்தது.

ராஜம் கதவைத் திறந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை. "இன்னிக்கு என்ன அதிசயம்?"

மூச்சிரைக்க நின்ற பொன்னம்மாள் மை படிந்த கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். "இனிமே இத வெச்சாத்தாம்மா லாரி நகரும்!"